காதால் செய்யும் வேலை

விளையாட்டு நிகழ்ச்சித் தொகுப்பாளருக்கு வாய்தான் மூலதனம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பயிற்சிக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் முதலில் சொல்வதும் "இவ நல்லா பேசுவா மேடம்" என்பதுதான். நல்லது. பேசிக்கொண்டிருக்கும்போதே காதில் இன்னொருவர் பேசுவதை அவளால் கேட்க முடியுமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

நேரடி ஒளிபரப்பில் எங்கள் காதில் ஒரு சின்ன இயர்பீஸ் இருக்கும். ஸ்டூடியோ என்றால் அதன் மறுமுனை பி.சி.ஆர். எனப்படும் கட்டுப்பாட்டு அறை, மைதானம் என்றால் வெளிப்புற ஒளிபரப்புக்கான ஓ.பி. வேன். அங்கே தயாரிப்பாளர், இயக்குநர், கிராபிக்ஸ் போடுகிறவர், விளம்பரம் ஓட்டுகிறவர் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். எங்களுக்கு வேண்டியதை மட்டும் பட்டனை அழுத்திச் சொல்வது ஒரு முறை. அறையில் நடக்கும் அத்தனை சத்தத்தையும் காதில் திறந்துவிடுவது இன்னொரு முறை. அதற்கு ஓப்பன் டாக்பேக் என்று பெயர். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் கேட்டு வாங்குவேன். "மூணாம் கேமராவுல அடுத்த பேட்ஸ்மேன் பேட் கட்டிட்டு நிக்கறாரு" என்று யாரோ யாரிடமோ சொல்வது விழுந்தால், திரையில் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிடும். கூடவே "ஸ்பான்சர் பேரு விட்டுப்போச்சு", "இடது பக்கம் இருக்கறவரக் கேளுங்க, ஏதோ சொல்ல வர்றாரு", "பிரேக்குக்கு இருபது செகண்ட்". பிறகு பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ண ஆரம்பிப்பார்கள். பூஜ்யத்தில் வாக்கியம் முடிந்திருக்க வேண்டும்.

தமிழில் இது கொஞ்சம் கூடுதல் சிரமம். வினைச்சொல் கடைசியில் வரும் மொழி நம்முடையது. ஆங்கிலத்தில் பேசுகிறவரை நடுவில் வெட்டினாலும் யார் என்ன செய்தார் என்பது வெளியே வந்திருக்கும். நம்மை வெட்டினால் "பதினெட்டாவது ஓவரில் அந்த யார்க்கரை லாங் ஆன் திசையில்" என்று அந்தரத்தில் நிற்கும். அதனால் எண்ணிக்கை ஐந்துக்கு வந்துவிட்டால் புது வாக்கியம் தொடங்கவே கூடாது. அதற்கு முன்னால் பேசும் வாக்கியங்களும் நான்கைந்து சொல்லுக்குள் முடிய வேண்டும். மேடைப் பேச்சில் பரிசு வாங்கிய பிள்ளைகள் இங்கே தடுமாறுவது இதனால்தான்.

நான் இந்தப் பக்கம் வந்தது தொண்ணூறுகளின் நடுவில். பாளையங்கோட்டைக்காரி, கல்லூரியில் வாலிபால் ஆடியவள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கிறது. சேப்பாக்கம் மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம். தற்காலிகக் கலைஞராக எப்போதாவது கூப்பிடுவார்கள். செய்தியின் கடைசியில் வரும் விளையாட்டுச் செய்தியை எழுதிக் கொடுப்பதும், சில நாள் வாசிப்பதும்தான் வேலை. ஏஜென்சியிலிருந்து ஆங்கிலத்தில் வரும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்துச் செய்தி நீண்டுவிட்டால் நம்முடையதை எங்கே கத்தரிப்பது என்று பார்த்தபடியே எழுத வேண்டும். அங்கிருந்த ஒரு மூத்த தயாரிப்பாளர் என்னை வாசிக்கவிட்டு, தன் கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். முடித்ததும் "நாப்பத்தி ரெண்டு செகண்ட். எனக்கு முப்பது போதும்மா" என்பார். உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எங்களுக்கு முன்னால் தமிழில் கிரிக்கெட் பேசியவர்கள் வானொலிக்காரர்கள். அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் சேப்பாக்கத்திலிருந்து பேசியதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. தென்னை மரத்தடியில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு எங்கள் சித்தப்பாக்கள் பந்து போன திசையைக் கையால் காட்டுவார்கள். வானொலியில் பேச்சு நின்றால் ஆட்டமே நின்ற மாதிரி. ஆகவே அவர்கள் நிறுத்தாமல் பேசினார்கள், பேசத்தான் வேண்டும். அந்தப் பழக்கத்தைத் தமிழ்த் தொலைக்காட்சி அப்படியே எடுத்துக்கொண்டது. பார்க்கிறவர் கண்ணெதிரே பந்து எல்லைக்கோட்டைத் தாண்டும்போது, அது தாண்டுகிறது என்று நாம் வேறு சொல்கிறோம். இன்று வரை தீராத நோய் இது என்பது என் எண்ணம்.

அந்த நாளில் விளையாட்டு ஒளிபரப்பு என்றாலே தூர்தர்ஷன்தான். ஆட்டத்தை ஒளிபரப்பக் கிரிக்கெட் வாரியம் தூர்தர்ஷனுக்குப் பணம் கட்டிய காலமும் உண்டு என்று சொன்னால் என் மாணவர்கள் நம்புவதில்லை. 1993 ஹீரோ கோப்பைக்கு வங்காளக் கிரிக்கெட் சங்கம் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு உரிமையைக் கொடுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அலைவரிசை பொதுச் சொத்து, அரசின் தனியுரிமை கிடையாது என்று 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. எங்கள் தொழில் என்று ஒன்று பிறந்தது அன்றைக்குத்தான். ஆனால் அது தமிழ் பேச இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் ஆனது.

நடுவில் இருந்த காலத்தை நான் தனியார் செய்திச் சேனல்களில் கழித்தேன். அங்கே விளையாட்டுச் செய்தியின் பெரிய தலைவலி படம். உரிமை வேறொருவரிடம் இருக்கும். சில நொடிக் காட்சிகளை நன்றி போட்டுக் காட்டலாம், அதற்கு மேல் தொட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். சேப்பாக்கத்துக்குள் கேமரா போகாது. அதனால் வாலாஜா சாலையில், பின்னால் ஸ்டேடியத்தின் விளக்குக் கம்பம் தெரிகிற மாதிரி நின்று பேசுவோம். உள்ளே ஆரவாரம் எழும்பும். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் டி.வி. பார்க்கிற உதவியாசிரியர் போனில் சொல்ல, ஏதோ நேரில் பார்த்தவள் போல நான் சொல்வேன். மைதானத்துக்கு வெளியே நின்று மைதானத்தைப் பற்றிப் பேசும் வித்தை அங்கேதான் கைவந்தது. பின்னாளில் மும்பையில் அது எனக்குச் சோறு போட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நேரத்தை நிரப்புவது என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது கிரிக்கெட் இல்லை, டென்னிஸ். 2008 ஜனவரியில் நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன். சனிக்கிழமை அரையிறுதியில் ரஃபேல் நடாலும் கார்லோஸ் மோயாவும் மோதினார்கள். இரண்டு பேரும் மயோர்க்கா தீவுக்காரர்கள், நண்பர்கள். மூன்று செட்டும் டை பிரேக்குக்குப் போய், நாலு மணி நேரத்துக்குச் சில நிமிடம் குறைவாக இழுத்தது. நடால் ஜெயித்தார். ஊரே தூங்காமல் பார்த்தது. மறுநாள் இறுதிப் போட்டியும் அப்படித்தான் இருக்கும் என்று எங்கள் சேனல் மாலை முழுவதையும் ஒதுக்கிவிட்டது. மைதான வளாகத்தில் நின்று நான் நடுநடுவே பேச வேண்டும், விருந்தினர் வருவார்கள், விளம்பரமும் விற்றாயிற்று. நடாலால் ஓட முடியவில்லை. மிக்கேல் யூஷ்னி 6-0, 6-1 என்று ஒரு மணி நேரத்துக்குள் கதையை முடித்துவிட்டார்.

காதில் தயாரிப்பாளர் குரல்: "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. விடாதீங்க." கையில் ஆட்டக் காட்சி இல்லை, பக்கத்தில் ஒரு பழைய ஆட்டக்காரர் மட்டும் இருந்தார். அவரிடம் யூஷ்னியைப் பற்றி நான் கேட்கவில்லை. களைத்துப்போன காலோடு ஆடும் ஒருவர் சர்வீஸை எப்படி மாற்றிக்கொள்வார், எந்தப் பந்தை விட்டுவிடுவார் என்று கேட்டேன். மனிதர் பதினைந்து நிமிடம் விடாமல் பேசினார். பிறகு பந்து பொறுக்கும் பிள்ளைகள் இருவரைக் கூப்பிட்டேன். முந்தின நாள் இரவு நாலு மணி நேரம் வெயிட் பண்ணி நின்றதில் காலெல்லாம் வலி என்றார்கள். கேமராமேனே சிரித்துவிட்டார். எதிராளிக்குச் சொல்லப் பிடித்த விஷயத்தைக் கேட்டால் நேரம் தானாகப் போகும். நம் அறிவைக் காட்ட ஒரு மணி நேரம் போதாது என்று தோன்றினாலும், உண்மையில் அது ஏழு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

மழை நாளுக்கென்று அதன்பிறகு ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். சேப்பாக்கத்தைப் பற்றி மட்டுமே பாதி நோட்டு. 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவோடு டை ஆன டெஸ்ட்: 348 வேண்டிய இடத்தில் 347, ஆட்டத்தில் ஒரே ஒரு பந்து பாக்கியிருக்க மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ., எதிர்முனையில் 48 ரன்னோடு ரவி சாஸ்திரி. மறு ஆண்டே உலகக் கோப்பையில் அதே மைதானம், அதே ஆஸ்திரேலியா. டீன் ஜோன்ஸ் அடித்து நடுவர் நான்கு என்று காட்டிய பந்தை இன்னிங்ஸ் முடிந்தபின் ஆறாக மாற்றினார்கள். இந்தியா தோற்றது ஒரு ரன்னில். 1999இல் பாகிஸ்தானுக்கு எதிராக முதுகு வலியோடு சச்சின் அடித்த 136, அவர் அவுட்டானதும் மீதி மூன்று விக்கெட்டும் நாலு ரன்னுக்குள் சரிந்தது, ஜெயித்த பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இப்படி ஒவ்வொரு கதைக்கும் பக்கத்தில் அதைச் சொல்ல எத்தனை நொடி ஆகும் என்று பென்சிலில் குறித்திருப்பேன். கதை எல்லோருக்கும் தெரியும். நாற்பது நொடியில் சொல்லவும், வேண்டுமானால் அதையே நாலு நிமிடத்துக்கு இழுக்கவும் தெரிவதற்குத்தான் எங்களுக்குக் கூலி.

உடுப்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெண்பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள். பொடிக் கட்டம், நெருக்கமான கோடு கட்டினால் திரையில் அலையடிக்கும். பச்சைத் திரைக்கு முன்னால் பச்சைப் புடவை கட்டினால் தலையும் கையும் மட்டும்தான் தெரியும். விருந்தினராக வந்த ஒரு வீராங்கனை இளம்பச்சைப் பட்டில் வந்து நின்றபோது, மேக்கப் அறையிலிருந்த அக்காவின் சேலையை அவசரமாகக் கட்டிவிட்டோம். 2003 உலகக் கோப்பையில் மந்திரா பேடி தொகுப்பாளராக வந்தபிறகு, எல்லாச் சேனலுக்கும் "ஒரு பொண்ணு" வேண்டும் என்றாயிற்று. எதற்கு என்று அவர்களுக்கே தெளிவாகத் தெரியவில்லை. டாஸுக்கும் பரிசளிப்புக்கும் ஆண்கள். நடுவில் சிரிக்க நாங்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் "அத அவரு பாத்துப்பாரு" என்பார்கள். அதை உடைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, "அவர்" கவனிக்காததைக் கவனித்து வைத்துக்கொண்டு, காதில் யாரும் பேசாத இடைவெளியில் சொல்லிவிடுவதுதான்.

2013 நவம்பரில் ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் உலகச் செஸ் போட்டி சென்னையில் நடந்தபோது, என்னை அனுப்பினார்கள். கிரிக்கெட் ஆட்கள் எல்லோரும் வேறு வேலையில் இருந்தார்கள் என்பதுதான் காரணம். தொலைக்காட்சிக்கு இதைவிடக் கடினமான விளையாட்டு கிடையாது. ஒருவர் அரை மணி நேரம் யோசிப்பார். எதிரில் இருப்பவர் எழுந்து நடப்பார். என்னோடு வந்த பயிற்சியாளர் ஒருவர், "இப்ப எதுவும் நடக்கலன்னு நெனைக்காதீங்க, அவரு மூணு ஆட்டம் ஆடிப் பாத்துட்டாரு" என்றார். ஒன்பதாவது ஆட்டத்தில் கார்ல்சன் சிப்பாயை ராணியாக்கிவிட்டார். பதிலுக்கு 28ஆவது நகர்த்தலாக ஆனந்த் குதிரையை எஃப்1 கட்டத்துக்கு நகர்த்தினார். பயிற்சியாளரின் முகம் மாறியது. கார்ல்சன் ஒரே நகர்த்தல் வைத்ததும் ஆனந்த் கை கொடுத்துவிட்டார். காதில் "என்னாச்சு? என்னாச்சுன்னு சொல்லுங்க" என்று அவசரம். நான் பேசவில்லை. அந்த மூன்று நான்கு நொடி, பயிற்சியாளரின் முகத்தைக் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. செஸ் தெரியாத வீடுகளுக்கும் அது புரிந்திருக்கும். அன்று இரவு தயாரிப்பாளர் கோபமாகத்தான் இருந்தார்.

2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ்ச் சேனல் வந்தது. இருபத்திநாலு மணி நேரமும் தமிழில் விளையாட்டு. அதற்கு முன் விட்டு விட்டு வந்த வேலை, திடீரென்று ஒரு பிழைப்பாக மாறியது. முன்னாள் வீரர்கள் ஸ்ரீகாந்த், பதானி, பத்ரிநாத் போன்றவர்கள் ஒரு பக்கம்; ஆர்.ஜே. பாலாஜி போல வானொலியிலும் சினிமாவிலும் இருந்து வந்தவர்கள் ஒரு பக்கம். தெருவில் பேசுகிற தமிழ் திரைக்கு வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. என் வயதுக்காரர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை.

வெளியே தெரியாத ஒன்று: அந்தக் காலத்திலிருந்து தமிழ் வர்ணனையில் பெரும்பகுதி மும்பை ஸ்டூடியோவிலிருந்துதான் வருகிறது. ஆட்டம் சேப்பாக்கத்தில் நடக்கும், பேசுகிறவர்கள் மும்பையில் ஒரு குளிர் அறையில் மானிட்டர் முன்னால் இருப்பார்கள். பக்கத்து அறையில் தெலுங்கு, அதற்கடுத்து கன்னடம். எல்லோருக்கும் வருவது ஒரே படம். மைதானத்தில் இருப்பவருக்கு ஃபைன் லெக் பத்தடி உள்ளே வந்தது தெரியும், எங்களுக்குக் கேமரா காட்டினால்தான் தெரியும். என் தம்பி மனைவி போன் பண்ணி, "அண்ணி, நீங்க எந்த ஸ்டாண்டுல இருக்கீங்க? கையாட்டுங்க, பாக்கறோம்" என்பாள். வாலாஜா சாலையில் கற்ற வித்தை கைகொடுத்தது இங்கேதான். படத்தில் இருப்பதை விட்டு, படத்துக்கு வெளியே என்ன நடந்திருக்க வேண்டும் என்று ஊகித்துக் கேட்பது. பேட்ஸ்மேன் ஒரு பக்கமே திரும்பிப் பார்க்கிறாரா, அங்கே பீல்டர் மாறியிருக்கிறார். பக்கத்தில் இருக்கும் முன்னாள் வீரரிடம் அதைக் கேள்வியாகப் போட்டால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

ஓவருக்கும் ஓவருக்கும் நடுவில் விளம்பரம். அதனால் கடைசிப் பந்து முடிந்ததும் வாயை மூட வேண்டும். விக்கெட் விழுந்தாலும் அப்படியே. ஐ.பி.எல்.லின் இரண்டரை நிமிட டைம் அவுட், பெயருக்கு வியூகம் வகுக்க. அதில் ஓடும் விளம்பரங்களைப் பார்த்தால் யாருடைய வியூகம் என்பது விளங்கும். சிறந்த வர்ணனையாளர்களாக நான் கண்டவர்கள் பந்துக்கும் பந்துக்கும் நடுவில் ஒரே ஒரு விஷயம்தான் சொல்வார்கள். ரிச்சி பெனோ இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பேசிய விதத்தை எங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறேன். மனிதர் பேசாமல் இருந்த நேரத்துக்குத்தான் புகழ்பெற்றார். பார்த்துவிட்டு, "மைக் வேல செய்யலையா மேடம்?" என்று கேட்கிறார்கள்.

2020இல் ஐ.பி.எல். அமீரகத்துக்குப் போனது. நாங்கள் மும்பையில் ஒரு ஓட்டலில் அடைந்து கிடந்தோம். அறை, பேருந்து, ஸ்டூடியோ, அறை. காலி மைதானத்துக்குப் பழைய கூட்டத்தின் சத்தத்தை ஒருவர் பட்டனில் ஏற்றி இறக்குவார். சிக்ஸருக்கு ஒன்று, விக்கெட்டுக்கு ஒன்று. ஓப்பன் டாக்பேக்கில் அவருக்கு வரும் கட்டளையும் எனக்குக் கேட்கும். சந்தோஷம் எப்போது வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு சந்தோஷப்படுவது விநோதமான வேலைதான்.

அந்த ஆண்டின் கடைசியில் நடராஜன் ஆஸ்திரேலியாவில் ஆடினார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிப் பையன், நெட் பவுலராகப் போய் ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். டி20 தொடர் முடிந்ததும் முரளி கார்த்திக் அவரைத் தமிழிலேயே பேட்டி எடுத்தார். அதை நான் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் கேப்டனுக்கும் அணிக்கும் நன்றி என்று இரண்டு வரியில் முடிந்திருக்கும். மொழியைப் போலவே கேள்வியும் முக்கியம். தோற்றவரிடமும் ஜெயித்தவரிடமும் "எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். "அந்த மூணாவது பந்துக்கு முன்னாடி ஏன் ஓடிவந்து பாதியில நின்னீங்க?" என்று கேட்டால் வேர்வை துடைக்கிற கை நிற்கும், பதில் வரும்.

காசு பற்றி யாரும் எழுதுவதில்லை. எங்களில் பெரும்பாலோர் யாருக்கும் ஊழியர் கிடையாது. தொடருக்கு ஒப்பந்தம், அல்லது நாள் கணக்கு. ஐ.பி.எல்.லின் இரண்டு மாதம்தான் ஆண்டு முழுவதற்கும் அரிசி. மீதி நாளில் நிறுவன விழா, நகைக்கடைத் திறப்பு, டப்பிங். கபடி லீக் வந்தபிறகு இன்னொரு இரண்டு மூன்று மாதம் கிடைத்தது. 2023 தொடங்கி ஐந்து ஆண்டுக்கு ஐ.பி.எல். உரிமையை இந்தியாவில் டி.வி.க்கு 23,575 கோடிக்கும் டிஜிட்டலுக்கு 20,500 கோடிக்கும் விற்றார்கள். 2023இல் ஒரே ஆட்டத்துக்கு டி.வி.யில் ஒரு தமிழ்க் குழு, செல்போனில் இன்னொரு தமிழ்க் குழு. அந்த ஆண்டு ஆள் பஞ்சம். மேடையில் மைக் பிடித்தவர்களையெல்லாம் கூப்பிட்டார்கள். 2024 கடைசியில் உரிமையை வாங்கிய இரண்டு கம்பெனியும் ஒன்றாகிவிட்டன. அதற்குப் பிறகு எத்தனை நாற்காலி மிஞ்சியது என்று இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

இப்போது நான் அதிகம் திரையில் வருவதில்லை. வடபழனியில் ஒரு மாடி அறையில் சனிக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். முதல் மாதம் யாரையும் பேசவிடுவதில்லை. காதில் இயர்போன் மாட்டி, அதில் நான் செய்தித்தாள் வாசிப்பேன். அவர்கள் திரையில் ஓடும் பழைய ஆட்டத்தைப் பார்த்து, ஒவ்வொரு ஓவரிலும் பேசத் தேவையில்லாத பந்து எது என்று எழுதித் தர வேண்டும். நன்றாகப் பார்க்கும் பிள்ளை ஆறில் நாலு என்று எழுதும். போன வாரம் திருவள்ளூரிலிருந்து வரும் ஒரு பையன் தாளைக் கொடுத்துவிட்டுக் கேட்டான்: "மேடம், நாலு பந்துக்குப் பேசவே வேணாம்னா, நமக்கு எதுக்கு மேடம் சம்பளம் குடுக்கறாங்க?" அவன் தாளைப் பார்த்தேன். அஞ்சு என்று எழுதியிருந்தான். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவனைப் பேசச் சொல்லியிருக்கிறேன்.